காரின் எச்சரிக்கை விளக்கும் நாம் பூட்டும் புதுக் கருவிகளும்

மார்கழியும் தையும் வட இந்தியாவில் மூடுபனிக் காலம். காலை பத்து மணி வரை கதிரவன் முகம் காட்டாத நாட்களும் உண்டு. தெற்கேயிருந்து வந்து இங்கே பயிலும் நமக்கு இந்தப் பனி முதலாண்டில் வேடிக்கையாக இருக்கும். இதனூடே வண்டி ஓட்டத் தொடங்கிய பிறகுதான் இதன் கொடுமை புலப்படும்.

ஆராய்ச்சி மாணவர் நால்வர் சேர்ந்து நாங்கள் ஒரு பழைய கார் வாங்கியிருந்தோம். மார்கழி பிறந்ததும் அதற்குக் கூடுதல் ஒளி வேண்டும் என்று முடிவு செய்தோம். நகரத்துக் கடையொன்றில் முன்புறம் இரண்டு பனிவிளக்குகளைப் பூட்டினோம். அத்துடன், பழைய இண்டிகேட்டர் பல்புகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. பல்புகளையும் போட்டோம். அன்று மாலையே டாஷ்போர்டில் பல்பின் உருவம் கொண்ட மஞ்சள் விளக்கொன்று எரியலாயிற்று. மறுநாள் கடைக்காரரைக் கேட்டோம். “எல்.இ.டி. போட்டால் அப்படித்தான் எரியும், வண்டிக்கு ஒன்றும் இல்லை” என்றார். ஒரு வாரம் அது எங்கள் கண்ணை உறுத்தியது. அதற்குப் பிறகு அது எரிவதையே நாங்கள் மறந்து போனோம்.

ஒன்றரை மாதம் சென்றது. ஒருநாள் அந்தி நேரத்தில் மதுராவிலிருந்து திரும்பிக் கொண்டிருந்தோம். பனி இறங்கிவிட்டது. முன்னே சென்ற பேருந்து திடீரென்று நின்றது, நாங்களும் நின்றோம். எங்களுக்குப் பின்னே டயர் தேயும் ஓசை கேட்டது. சரக்கு லாரி ஒன்று எங்கள் காருக்கு ஒரு முழத் தொலைவில் வந்து நின்றது. அதன் ஓட்டுநர், நரைத்த தாடியுடைய முதியவர், இறங்கி வந்தார். நாங்கள் வசவை எதிர்பார்த்தோம். அவரோ எங்களைக் காரின் பின்புறம் அழைத்துச் சென்று காட்டினார். வலப்பக்கத்துப் பின்விளக்கு எரியவே இல்லை. நடுவிலிருந்த மூன்றாவது பிரேக் விளக்கை எங்கள் மூட்டைகளே மறைத்திருந்தன. “பிள்ளைகளே, பனிக்குள் இடப்பக்கத்து விளக்கு ஒன்றுதான் தெரிந்தது. ஸ்கூட்டர் போகிறது என்று நினைத்து வலப்பக்கமாகத் தாண்டப் பார்த்தேன்” என்று இந்தியில் சொன்னார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை.

எங்கள் காரில் வெளிவிளக்குகள் அனைத்திற்கும் எச்சரிக்கை விளக்கு ஒன்றே. பின்விளக்கு என்றைக்குப் பழுதாயிற்றோ அன்றும் அது எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதற்கு முன்பும் எரிந்துகொண்டிருந்தமையால், அதன் சொல் எங்கள் செவியில் ஏறவில்லை. “புலி வருகிறது” என்று வீணே கூவிய சிறுவன் கதையை நாம் அறிவோம். அக்கதையில் பொய் சொன்னவன் சிறுவன். எங்கள் கதையிலோ விளக்கு பொய் சொல்லவில்லை. ஓயாமல் கூவும்படி அதைச் செய்தவர்கள் நாங்களே.

மன்ற நண்பர்கள் பலர் பழைய கார் வாங்குவதும், அதில் விளக்கு, வானொலி, காமிரா என்று பலவற்றைப் பூட்டுவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. இவ்வாறு பூட்டும்போது எச்சரிக்கை விளக்குகள் ஏன் எரிகின்றன, எரிந்தால் யாது செய்ய வேண்டும் என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

விளக்கு அன்றும் இன்றும்

பழைய காலத்து டைனமோ வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு மிக எளிய பொருள். தொடக்க கால அம்பாசடர் கார்களில் இருந்த சிவப்பு விளக்கை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு முனை பாட்டரிப் பக்கத்திலும், மறுமுனை டைனமோப் பக்கத்திலும் இணைந்திருக்கும். சாவியைத் திருப்பியவுடன் பாட்டரியின் பக்கம் 12 வோல்ட் இருக்கிறது. டைனமோ இன்னும் சுழலவில்லையாதலால் அந்தப் பக்கம் அழுத்தமே இல்லை. இரண்டிற்கும் இடையே வேறுபாடு இருப்பதால் விளக்கு எரிகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கி, டைனமோவும் பாட்டரிக்கு ஒத்த அழுத்தத்தைத் தந்ததும் வேறுபாடு மறைகிறது; விளக்கும் அணைகிறது. ஓடும்போது அது மீண்டும் எரிந்தால், டைனமோ வேலை செய்யவில்லை என்று பொருள். ஒரு பல்பும் இரண்டு கம்பிகளுமே இங்குக் காவலாளி.

பின்னர் வந்த ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில் இந்தச் சிறு விளக்குக்கு இன்னொரு வேலையும் தரப்பட்டது. அதன் வழியே செல்லும் சிறிதளவு மின்னோட்டமே ஆல்டர்னேட்டரின் காந்தத்தை முதன்முதலில் எழுப்பிவிடும். இரண்டு மூன்று வாட் பல்பு இருந்த அந்த இடத்தில், அழகுக்காக எல்.இ.டி. ஒன்றை மாட்டினால், ஓட்டம் போதாமல் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தராமலே சுழல்வது உண்டு. வெறும் விளக்கென்று நாம் எண்ணியது உண்மையில் ஓர் உறுப்பாகவே இருந்தது.

இன்றைய காரில் நிலைமை வேறு. எச்சரிக்கை விளக்கை எரிப்பது கணிப்பொறி. எஞ்சினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, காற்றுப்பைக்கு ஒன்று, கதவு விளக்கு முதலியவற்றிற்கு ஒன்று எனப் பல கட்டுப்பாட்டுப் பெட்டிகள் உள்ளன. ஒவ்வொன்றும் தனக்குரிய கம்பிகளில் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் மின்தடையையும் இடைவிடாது அளக்கிறது. அளவு இன்ன எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று தொழிற்சாலையில் வகுத்திருக்கிறார்கள். எல்லை கடந்தால் பெட்டி அதைக் குறித்துக்கொண்டு விளக்கை எரிக்கிறது.

ஆகவே விளக்கு எரிவதன் பொருள், “இன்ன உறுப்பு கெட்டுவிட்டது” என்பதன்று. “நான் அளந்த அளவு, எனக்குச் சொல்லப்பட்ட அளவோடு ஒத்துவரவில்லை” என்பதே. உறுப்பு கெட்டாலும் அளவு மாறும். நாம் புதிதாக ஒன்றைப் பூட்டினாலும் அளவு மாறும். இரண்டையும் பிரித்தறிய விளக்கினால் இயலாது. அது நம் கடமை.

விளக்குகளின் நிறத்தையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். சிவப்பு, உடனே நிறுத்து என்பதன் அறிகுறி. மஞ்சள், விரைவில் கவனி என்பதன் அறிகுறி. பச்சையும் நீலமும் ஒரு கருவி வேலை செய்கிறது என்று மட்டும் தெரிவிப்பவை.

பல்பு அணைந்ததைக் கார் எவ்வாறு அறிகிறது?

கார் தன் பல்பைக் கண்ணால் பார்ப்பதில்லை. அதன் வழியே செல்லும் மின்னோட்டத்தை அளந்தே அறிகிறது. இண்டிகேட்டரில் உள்ள பழைய இழை பல்பு 21 வாட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 21ஐ 12ஆல் வகுக்க 1.75 ஆம்பியர். இழை அறுந்துவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். இவ்விரண்டிற்கும் இடையே ஓர் எல்லைக்கோடு வகுக்கப்பட்டிருக்கிறது. ஓட்டம் அதற்குக் கீழே போனால், பல்பு அறுந்தது என்று பெட்டி முடிவு செய்கிறது.

இப்போது அந்த இடத்தில் 3 வாட் எல்.இ.டி. ஒன்றை மாட்டுவோம். அது இழுப்பது 0.25 ஆம்பியர், அதாவது பழைய அளவில் ஏழில் ஒரு பங்கு. எல்லைக்கோட்டுக்கு மிகவும் கீழே. பல்பு கண்ணைப் பறிக்கும்படி ஒளிர்ந்தாலும், கணக்குப்படி அது அறுந்த பல்பே. அதனால்தான் மஞ்சள் விளக்கு எரிகிறது.

அத்தகைய எச்சரிக்கை விளக்கு இல்லாத கார்களிலும் இதே செய்தி வேறு வழியாக வரும். இண்டிகேட்டர் வழக்கமாக நிமிடத்திற்கு 60 முதல் 120 முறை வரை சிமிட்டும். எல்.இ.டி. மாட்டிய பிறகு பல கார்களில் அது படபடவென்று மிக விரைவாகச் சிமிட்டுவதைக் கண்டிருப்பீர்கள். ஒரு பக்கத்துப் பல்பு அறுந்தால் ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அமைத்த ஏற்பாடு அது. இங்கும் ஓட்டம் குறைந்ததே காரணம்.

சில கார்கள் விளக்கை அணைத்திருக்கும்போதும் பல்பைச் சோதிக்கின்றன. மிகச் சிறிய துடிப்புகளாக மின்சாரத்தை அனுப்பிப் பார்க்கின்றன. இழை பல்பு அந்தத் துடிப்பில் சூடேறுவதற்குள் துடிப்பு முடிந்துவிடும், ஒளி தெரியாது. எல்.இ.டி.க்குச் சூடேற வேண்டியதில்லை, உடனே ஒளிரும். அணைத்த விளக்கு இரவில் மின்மினி போல் மினுங்குவதன் காரணம் இதுவே.

தடையைப் பூட்டி விளக்கை அணைக்கலாமா?

மஞ்சள் விளக்கு எரிகிறது என்று கடைக்குப் போனால், மிகுதியாகச் சொல்லப்படும் மருந்து ஒன்றுண்டு. எல்.இ.டி.க்குப் பக்க இணைப்பாக ஒரு மின்தடையைப் பூட்டுவதே அது. வழக்கமாக 6 ஓம் அளவுள்ள தடை பொன்னிற உலோக உறையில் விற்கப்படுகிறது. 12 வோல்ட்டை 6 ஓமால் வகுக்க 2 ஆம்பியர். பெட்டி எதிர்பார்த்த ஓட்டம் கிடைத்துவிடுகிறது, விளக்கு அணைந்துவிடுகிறது.

இதில் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, வெப்பம். 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் என்றால் 24 வாட். எஞ்சின் ஓடும்போது அழுத்தம் 13.5 வோல்ட் வரை உயர்வதால் இது 30 வாட்டாகிறது. எல்.இ.டி. போட்டு மிச்சப்படுத்திய மின்சாரம் முழுவதும் இங்கே சூடாகிப் போகிறது. இண்டிகேட்டர் விட்டுவிட்டு எரிவதால் ஓரளவு தாங்கும். பிரேக் விளக்கில் பூட்டினால், நெரிசலில் பிரேக்கை மிதித்தபடி நிற்கும் நேரமெல்லாம் தடை காய்ந்துகொண்டே இருக்கும். தொட்டால் கை சுடும். பக்கத்திலுள்ள பிளாஸ்டிக்கும் வயரின் உறையும் உருகும். ஆகையால் இதை உலோகத் தகட்டின்மேல் திருகித்தான் வைக்க வேண்டும். பல இடங்களில் வயரோடு சேர்த்து நாடா சுற்றித் தொங்கவிட்டு விடுகிறார்கள்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரிது; பலரும் எண்ணிப் பாராதது. நாளை அந்த எல்.இ.டி. உண்மையாகவே கெட்டுப்போனால் என்ன ஆகும்? தடையின் வழியே 2 ஆம்பியர் வழக்கம்போல் ஓடிக்கொண்டேயிருக்கும். பெட்டி, எல்லாம் நலம் என்றே எண்ணும். எச்சரிக்கை விளக்கு இனி ஒருகாலும் எரியாது. முன்பு ஓயாமல் கூவிய காவலாளியின் வாயை இப்போது கட்டிவிட்டோம். இரண்டிலும் பயன் ஒன்றே: பின்விளக்கு இல்லாமல் நாம் பனியில் போவோம்.

எச்சரிக்கை தராது என்று சொல்லி ‘கேன்பஸ்’ என்ற பெயரில் விற்கும் பல்புகளில் பெரும்பாலும் இத்தகைய தடை உள்ளேயே பொதிந்திருக்கிறது. அவற்றைத் தொட்டால் சுடுவதற்கும் இதுவே காரணம்.

அப்படியானால் நல்ல வழி யாது? காருக்கு உரிய இழை பல்பையே போடுவது முதல் வழி. அதே கார் வகையில் தயாரிப்பாளரே எல்.இ.டி. விளக்கும் தருகிறாரென்றால், அந்த விளக்கைப் பூட்டி, அதற்கேற்றபடி பெட்டியில் எல்லைக்கோட்டை மாற்றி எழுதச் செய்வது இரண்டாவது வழி. அவ்வாறு செய்தால் காவலாளி காவலாளியாகவே இருப்பான்.

பாட்டரி சோர்ந்தால் எல்லா விளக்கும் எரியும்

பொங்கலுக்கு ஊர் சென்று திரும்பி வந்து சாவியைத் திருப்பினால், எஞ்சின் முனகுகிறது; டாஷ்போர்டில் ஐந்தாறு விளக்குகள் ஒருங்கே எரிகின்றன. இது நம் விடுதி வாயிலில் ஆண்டுதோறும் காணும் காட்சி. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் எஞ்சினும் ஒரே நாளில் கெட்டுவிட்டனவா? இல்லை. கெட்டது பெரும்பாலும் கணக்கு.

நிறுத்திய கார் கூடக் கடிகாரம், பூட்டு முதலியவற்றிற்காகச் சிறிது மின்சாரம் இழுக்கிறது. அது 50 மில்லி ஆம்பியர், அதாவது 0.05 ஆம்பியர் அளவுக்குள் இருந்தால் இயல்பு எனலாம். சிறிய கார் ஒன்றின் பாட்டரி 35 ஆம்பியர்-மணி என்று கொள்வோம். 35ஐ 0.05ஆல் வகுத்தால் 700 மணி, ஏறக்குறைய 29 நாள். இப்போது, சாவியை எடுத்தாலும் அணையாத கம்பியில் ஒரு காமிராவையோ ஒலிபெருக்கியையோ இணைத்து, அது 0.3 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். மொத்தம் 0.35 ஆம்பியர். 35ஐ 0.35ஆல் வகுத்தால் 100 மணி. நான்கு நாள் சில மணி நேரம். பாட்டரி முழுதும் வற்றும் முன்பே எஞ்சினைச் சுழற்றும் வலுவை இழந்துவிடும். குளிர் அதை இன்னும் விரைவாக்கும். பத்து நாள் விடுமுறை எங்கே தாங்கும்?

வலுவிழந்த பாட்டரியைக் கொண்டு எஞ்சினைச் சுழற்றும்போது, அழுத்தம் 10 வோல்ட்டுக்கும் கீழே சரிகிறது. கணிப்பொறிகள் சரிவர வேலை செய்ய அது போதாது. சில மயங்கி மீண்டும் தொடங்குகின்றன; சில, “அடுத்த பெட்டியிடமிருந்து விடை வரவில்லை” என்று குறித்துக்கொள்கின்றன. அதன் விளைவே அந்த விளக்குத் திருவிழா. பல விளக்குகள் ஒரே வேளையில் எரிந்தால், முதலில் பாட்டரியின் அழுத்தத்தை அளக்க வேண்டும். நிறைந்த பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டும்.

இன்னொன்று. அண்மைக் காலக் கார்கள் பலவற்றில் பாட்டரியின் எதிர்முனையில் ஒரு சிறிய உணர்கருவி பொருத்தப்பட்டிருக்கும். பாட்டரிக்குள் போவதும் வெளியே வருவதுமான ஓட்டத்தை அது கணக்கெடுக்கிறது. புதிய கருவியின் எதிர்க் கம்பியை நேரே பாட்டரி முனையில் முறுக்கிவிட்டால், அந்த ஓட்டம் உணர்கருவியின் கணக்கில் வராது. சுங்கச்சாவடியைச் சுற்றிக்கொண்டு போகும் வண்டி போலாகிவிடும். பெட்டியின் கணக்குத் தவறும். ஆகவே எதிர்க் கம்பியைக் காரின் உடற்பகுதியில், தயாரிப்பாளர் காட்டும் இடத்தில், சுரண்டித் தூய்மை செய்த உலோகத்தில் திருக வேண்டும்.

இரண்டு கம்பிகளில் நடக்கும் உரையாடல்

கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும். சக்கரத்தின் வேகத்தை அறிவது பிரேக்குப் பெட்டி. அதைக் காட்டுவது டாஷ்போர்டு. அதற்கேற்ப நடப்பது எஞ்சின் பெட்டி. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு கம்பி என்றால் காரில் கம்பிக்கு இடம் போதாது. இதற்கு ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தார் ஒரு முறை வகுத்து 1986இல் வெளியிட்டனர். ‘கேன்’ என்பது அதன் பெயர். ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பிகளில் எல்லாப் பெட்டிகளும் முறை வைத்துப் பேசுகின்றன.

பேச்சில்லாதபோது இரு கம்பிகளிலும் 2.5 வோல்ட் இருக்கும். பேசும்போது ஒன்று 3.5 வோல்ட்டுக்கு ஏறும், மற்றது 1.5 வோல்ட்டுக்கு இறங்கும். பெட்டிகள் கவனிப்பது இவ்விரண்டின் வேறுபாட்டையே. கம்பியின் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று உண்டு. பாட்டரியைக் கழற்றிவிட்டு அளந்தால், பக்க இணைப்பாக உள்ள இவ்விரண்டும் சேர்ந்து 60 ஓம் காட்டும்.

இங்கேதான் நமது கைவேலை இடையூறாகிறது. கருவியொன்றுக்கு வேகச் செய்தியோ பின்னோக்குச் செய்தியோ வேண்டுமென்று இந்த முறுக்குக் கம்பியைக் கத்தியால் கீறி இன்னொரு வயரைச் சுற்றுகிறார்கள். புதிய கருவியிலும் 120 ஓம் தடை இருந்தால் மொத்தம் 40 ஓமாகக் குறையும், குரல் மங்கும். கீறிய இடத்தில் ஒரு கம்பி காரின் உடலில் பட்டுவிட்டால் உரையாடலே நின்றுபோகும். அப்போது தொடர்பில்லாத விளக்குகள் பலவும் ஒருங்கே எரியும், ஸ்டீயரிங் கனக்கும், சில கார்கள் கிளம்பவே மறுக்கும்.

ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே, டாஷ்போர்டின் அடியில், 16 துளைகள் கொண்ட சோதனைப் பிளக்கு ஒன்று இருக்கும். மலிவான கருவிகளை வாங்கி அதில் நிரந்தரமாகச் செருகி வைப்பதும் நல்லதன்று. அந்தப் பிளக்கின் ஒரு துளையில் பாட்டரியின் மின்சாரம் எப்போதும் உண்டு. நாம் உறங்கும்போதும் அக்கருவி விழித்திருந்து பாட்டரியைக் குடிக்கும், பெட்டிகளையும் உறங்கவிடாது.

கம்பியைத் தொடாமலே தொல்லை தருவனவும் உள்ளன. சில கார்களில் டயரினுள் இருக்கும் உணர்கருவி காற்றழுத்தத்தை வானொலி அலையால் அறிவிக்கிறது. மலிவான எல்.இ.டி.யோ செல்போன் சார்ஜரோ எழுப்பும் மின் இரைச்சல் அந்த அலையை மூழ்கடித்துவிட்டால், டயர் விளக்கு எரியும். சார்ஜரைப் பிடுங்கியதும் அணைந்தால் குற்றவாளி யார் என்பது விளங்கிவிடும்.

காற்றுப்பை: கை வைக்கலாகாத இடம்

இதுவரை கூறியவற்றில் பிழை நேர்ந்தால் பெரும்பாலும் பணம் போகும். இனிக் கூறுவதில் உயிர் போகும்.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநர் பக்கக் காற்றுப்பை எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. மோதலின்போது சிறிய வெடிமருந்து ஒன்றைப் பற்றவைத்துப் பையை விரிக்கிறார்கள். பற்றவைக்கும் மின்சுற்றின் தடை ஏறக்குறைய 2 ஓம். காற்றுப்பைப் பெட்டி இதை இடைவிடாது அளக்கிறது. இணைப்புச் சற்றே தளர்ந்து தடை சில ஓம் கூடினாலும் சிவப்பு விளக்கை எரிக்கிறது. அவ்விளக்கு எரியும்போது, மோதல் நேர்ந்தால் பை விரியாமலே போகலாம்.

வானொலி மாற்றும்போதும், ஸ்டீயரிங் சக்கரத்தை மாற்றும்போதும், இருக்கைக்கு அடியில் வயர் இழுக்கும்போதும் இந்த இணைப்புகள் அசைகின்றன. ஸ்டீயரிங் சக்கரத்தின் அடியில் கடிகாரச் சுருள் போன்ற நாடா ஒன்றின் வழியேதான் மின்சாரம் பைக்குச் செல்கிறது; சக்கரத்தைக் கழற்றித் தாறுமாறாகச் சுழற்றி மாட்டினால் அந்த நாடா அறுந்துவிடும். இச்சுற்றின் இணைப்பிகள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். மஞ்சளைக் கண்டால் கை எடுக்க வேண்டும். சோதனை விளக்கையோ சாதாரண மீட்டரையோ வைத்து இதனை அளந்து பார்ப்பது பெரும் பிழை. அந்த ஓட்டமே பையை வெடிக்கச் செய்யலாம்.

எச்சரிக்கையை அடக்கும் பழக்கம் நம் நாட்டில் எவ்வளவு பரவியது என்பதற்கு ஒரு சான்று. இருக்கைப் பட்டை அணியாதபோது எழும் ஒலியை நிறுத்த, பட்டையின் பூட்டில் செருகும் வெறும் உலோக நாக்குகள் இணையக் கடைகளில் விற்கப்பட்டு வந்தன. 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அவற்றின் விற்பனையை நிறுத்துமாறு ஐந்து இணைய விற்பனை நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. ஒலியை நிறுத்தக் காசு கொடுத்தவர்கள், காசில்லாமல் பட்டையை அணிந்தே நிறுத்தியிருக்கலாம்.

விளக்கு எரிந்தால் செய்ய வேண்டியவை

சிவப்பு விளக்கென்றால் காரை ஓரங்கட்டி நிறுத்துக. மஞ்சளென்றால் பின்வரும் முறையில் ஆராய்க.

முதலாவதாக, கடைசியாகப் பூட்டியது எது, எந்த நாளில் என்பதை எழுதிக்கொள்க. விளக்கு அதற்குப் பிறகு எரிந்ததா, முன்பே எரிந்ததா என்று நினைவுபடுத்திப் பார்க்க. இரண்டாவதாக, காரைச் சுற்றி வந்து எல்லா வெளிவிளக்குகளையும் கண்ணால் பார்க்க. பிரேக் விளக்கைப் பார்க்க ஒரு நண்பர் போதும், அவரும் இல்லையென்றால் ஒரு சுவர் போதும். மூன்றாவதாக, பாட்டரியின் அழுத்தத்தை அளக்க. நான்காவதாக, சோதனைக் கருவியைச் செருகிப் பெட்டிகளில் பதிந்துள்ள பிழைக் குறிகளைப் படித்து எழுதிக்கொள்க. எழுதிக்கொள்ளுமுன் அவற்றை அழித்துவிடலாகாது. அழித்தால் தடயம் போய்விடும். ஐந்தாவதாக, புதிதாகப் பூட்டியதைக் கழற்றிப் பழைய உறுப்பை மாட்டிப் பார்க்க. விளக்கு அணைந்தால் காரணம் தெளிவு. அணையாவிட்டால், காருக்கு உண்மையான நோய் இருக்கிறது, பணிமனைக்குச் செல்க.

பழைய கார் வாங்குவோர்க்கு ஒரு சொல். சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் சில விநாடி எரிந்து பிறகு அணைய வேண்டும். அவையும் பழுதின்றி இருக்கின்றன என்று காட்டுவதற்கே அந்த ஏற்பாடு. எரியவே எரியாத விளக்கு, எரிந்துகொண்டேயிருக்கும் விளக்கைவிடப் பொல்லாதது. காற்றுப்பை விளக்கை மறைத்தும், வேறொரு விளக்கோடு சேர்த்துக் கட்டியும் விற்பவர்கள் உண்டு. ஆகவே ஒவ்வொரு விளக்கும் தனித்தனியே எரிந்து தனித்தனியே அணைகிறதா என்று நோக்குக.

முறையாகப் பூட்டுவது எவ்வாறு?

புதுக் கருவி எதையும் பூட்டலாகாது என்று நான் சொல்ல வரவில்லை. பனிவிளக்கு இந்தப் பகுதியில் தேவையான பொருளே. அதை முறையோடு பூட்ட வேண்டும்.

55 வாட் பனிவிளக்கு இரண்டு என்றால் 110 வாட். 12ஆல் வகுக்க ஏறக்குறைய 9.2 ஆம்பியர். இவ்வளவையும் காரின் பழைய விளக்குக் கம்பியிலிருந்து கிளை பிரித்து எடுத்தால், அந்தக் கம்பியும் அதன் சுவிட்சும் தாங்கா. பெட்டி அளக்கும் அளவும் மாறும். எனவே பாட்டரியிலிருந்து தனிக் கம்பி இழுக்க வேண்டும். கம்பி 2.5 சதுர மில்லிமீட்டர் பருமன் இருக்கட்டும். பாட்டரிக்கு அருகிலேயே 15 ஆம்பியர் பியூஸ் வைக்க வேண்டும். தொலைவில் வைத்தால், இடைப்பட்ட கம்பி தேய்ந்து காரின் உடலில் படும்போது பியூஸ் காக்காது. நடுவே ஒரு ரிலே. டாஷ்போர்டுச் சுவிட்சு இயக்குவது ரிலேயின் சுருளை மட்டுமே. அது இழுப்பது ஓர் ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சாவியை எடுத்தால் மின்சாரம் நிற்கும் கம்பியிலிருந்தே அச்சுருளுக்கு இணைப்புத் தர வேண்டும். இப்படிச் செய்தால் காரின் பெட்டிகள் நம் விளக்கைப் பற்றி அறியவே வேண்டியதில்லை. அவற்றின் அளவுகளும் மாறா.

எங்கள் காரில் அதன் பிறகு நாங்கள் செய்ததும் இதுவே. பனிவிளக்குகளுக்கு ரிலேயும் தனிக் கம்பியும் போட்டோம். இண்டிகேட்டரில் எல்.இ.டி.களைக் கழற்றிவிட்டுப் பழைய பல்புகளையே மாட்டினோம். அப்போதும் மஞ்சள் விளக்கு அணையவில்லை. பின்விளக்கின் பல்பை மாற்றினோம், அணைந்தது. அந்தப் பல்பின் விலை, நாங்கள் நால்வரும் அன்றிரவு குடித்த தேநீரின் விலையைவிட மிகுதியன்று. எத்தனை நாளாக அது எங்களுக்காக எரிந்ததோ தெரியாது.

இப்போது சாவியைத் திருப்பியதும் அந்த மஞ்சள் விளக்கு மூன்று விநாடி எரிந்து அணைகிறது. வண்டியில் யார் இருந்தாலும், அது அணைந்த பிறகே கியர் போடுகிறோம்.